அப்புச்சியும் மூணு குளமும்

முதல் நாள்: தை 3, வியாழன்

இன்று பூப்பறிக்கிற நோம்பி. காலையிலேயே பெண் பிள்ளைகள் கூடையோடு ஆவாரம்பூ பறிக்கக் கிளம்பிவிட்டார்கள். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இந்த நாளில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நொய்யல் ஆற்றங்கரைக்குப் போவார்களாம். கும்மியடித்து விளையாடிவிட்டு, பொழுது சாயும்போது பறித்த பூவையெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார்களாம். இப்போது பூவை விடுவது வாய்க்கால் ஓரத்துக் குட்டையில். ஆறு 2 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. யாரும் அங்கே பூ கொண்டுபோவதில்லை.

எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, 79 வயது. தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. போன மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நொய்யல் பக்கத்துக் குளங்களுக்கு மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன என்று சொன்னேன். சென்னையில் பள்ளிக்கரணைக்குப் போய்ப் பறவை பார்க்கிற பழக்கம் எனக்கு ஐந்தாறு வருடமாக உண்டு. அப்புச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தண்ணிக்கா அம்முணி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பயணம். எனக்கு ஞாயிறு ராத்திரி வரை லீவு இருக்கிறது. ஆற்றை எதிர்த்து மேற்கே போகப்போகிறோம். திருப்பூரில் நஞ்சராயன் குளம், அப்புறம் கோவையில் சிங்காநல்லூர், வெள்ளலூர் குளங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அணையை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று பொழுதோட இரண்டு பேரும் போனோம். இந்த அணை திறந்தது 1992-ல். நான் பிறந்ததும் அதே வருடம்தான். பாசனத்துக்காகக் கட்டிய அணை, கட்டிய சில வருடங்களிலேயே மேலே இருந்து வந்த சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற இடமாக ஆகிப்போனது. வழக்கு நடந்து, தண்ணீரைத் தேக்கக் கூடாது என்றாகி, மதகுகளைத் திறந்தே விட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளில் அப்புச்சி திண்ணையில் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறையை மறுபடி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று அணைக்குள் சீமைக் கருவேலம் காடாக நிற்கிறது. நடுவில் ஒரு ஓடையளவு தண்ணீர் போகிறது. அப்புச்சி கரையிலிருந்து இறங்கவில்லை.

"கெணத்துல தண்ணி மேல நிக்குது. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. அத நெனச்சா இன்னும் வகுறு எரியுது" என்றார். மாடு கட்டிக் கவலை ஓட்டி, சாலில் தண்ணீர் இறைத்த கிணறு அது. அவரே ஆள் கூட்டி வெட்டியது.

நாளைக்கு வெடியால நாலரை மணி பஸ். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இப்போதே அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள்: வெள்ளி

ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர் பஸ். கூலிப்பாளையம் நால்ரோட்டில் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்புச்சி தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடி எனக்கு முன்னால் நடந்தார். பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. இந்த ஊரில் விடியற்காலம் என்றால் அந்த வேன் சத்தம்தான்.

குளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்தது. தாழைக்கோழி கத்துவது, நாமக்கோழிகள் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடுவது, எங்கோ ஒரு மீன்கொத்தியின் சிரிப்பு. கரைமேல் ஏறியதும் பனிக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாட்டுக் கருவேல மரங்கள், அடி தண்ணீருக்குள், தலை வானத்தில். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கூழைக்கடாக்களும் நாரைகளும் அடைந்திருந்தன. அப்புச்சி தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தக் குளத்தின் பரப்பு 125 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம். நம் கணக்கில் 310 ஏக்கர். நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிறது. நல்லாறு கடைசியில் சேருவது நொய்யலில். நஞ்சராயன் என்கிற சிற்றரசர் பழுது பார்த்துச் செப்பனிட்டதால் இந்தப் பெயர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான பட்டியல் அது. 1971-ல் ஈரானில் ராம்சார் என்கிற ஊரில் போட்ட ஒப்பந்தத்தால் அந்தப் பெயர். இத்தனையும் சும்மா வந்துவிடவில்லை. திருப்பூர் இயற்கை கழகத்துக்காரர்கள் வருடக்கணக்காக இங்கே வந்து எண்ணி, எழுதி, படமெடுத்து, கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது.

கரையில் ஒரு தம்பி டெலஸ்கோப்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம். ஷிப்டுக்குப் போகும் முன்னால் ஒரு மணி நேரம் இங்கே நின்று எண்ணி, இ-பேர்ட் என்கிற பறவைக் கணக்குத் தளத்தில் ஏற்றிவிட்டுத்தான் போவாராம். "191 வகைப் பறவைங்க பதிவாயிருக்குதுங்கா. பட்டாம்பூச்சி 87 வகைங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீட்டுப் பிள்ளை மார்க் வாங்கியதைச் சொல்வது போல.

அவர் டெலஸ்கோப்பைத் திருப்பி, "அந்தக் கரையோரமா பாருங்க ஐயா, கிளுவை நிக்குது" என்றார்.

"கிளுவையா? அது வேலில நிக்கறதல்லொ?" என்று அப்புச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கிளுவை என்றால் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றி நிற்கிற உயிர்வேலி. முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு ஆடுகூட நுழைய முடியாமல் நிற்கும். அதே பெயரில் ஒரு வாத்தும் இருக்கிறது என்பதை 79 வயதில் தெரிந்துகொண்ட சந்தோஷம் அவருக்கு. ஆண் கிளுவைக்குத் தலை செம்பழுப்பு, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. சின்ன வாத்து. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இந்தப் பக்கம் வருகிறது. அப்புச்சி வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம்தான் பட்டைத்தலை வாத்துகள் தெரிந்தன. 14 இருந்தன. எதிர்க்கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டைகள், யாரோ அளந்து வரைந்தது போல.

"எங்கிருந்து வருதுங்க தம்பி?"

"திபெத்து, மங்கோலியா பக்கமிருந்துங்க ஐயா. இமயமலைய தாண்டி வருதுங்க."

"அங்க தண்ணி இல்லியாக்கு?"

"இருக்குதுங்க. குளிர்ல உறைஞ்சு போயிருமுங்க."

அப்புச்சி மறுபடியும் குனிந்து பார்த்தார். இமயமலையைத் தாண்டி வந்த ஒன்று, தன் தோட்டத்துக்கு மேலே 30 கிலோமீட்டரில் புல் கடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர் மனதில் எங்கே வைத்தாரோ தெரியாது. ஆனால் வேறு எதுவும் கேட்கவில்லை.

வெயில் ஏற ஏறக் குளம் சுறுசுறுப்பானது. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று ஓரத் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்தபடி நடந்தது. அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். "வாய்க்கால்ல மோதிரத்தைத் தொலைச்சவ காலால துழாவறாப்பல இருக்குது" என்றார் அப்புச்சி. நத்தைக்குத்தி நாரையின் அலகில் நடுவே ஓர் இடைவெளி இருப்பதையும் அவரே கண்டுபிடித்தார். நத்தையை வைத்துக்கொள்ள வாகாக அமைந்த அலகு. இந்த மாதிரிப் பறவைகளுக்கெல்லாம் முழங்கால் ஆழத் தண்ணீர்தான் தோது. அதனால் குளம் கரை தொட நிறைந்து நிற்பதே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்கு நிறைந்து, தையிலிருந்து மெல்ல வற்றி, சேற்றுத் திட்டும் ஓரத் தண்ணீரும் வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் உள்ளான்கள், நாரைகள், வாத்துகள் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆழம் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் நாறுகிறது. வரத்து வரும் மூலையில் நுரை ஒதுங்கியிருந்தது, பாட்டிலும் பிளாஸ்டிக்குமாக. அப்புச்சி அந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தார். எனக்குப் பதறிப்போனது.

"சாயம் இல்ல அம்முணி. சாக்கடை" என்றார். குரலில் ஒரு நிம்மதி.

இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரியாது. சாக்கடையில் இருப்பது அழுகுகிற பொருள். அது மட்டு மீறினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். ஆனால் மட்டாக வந்தால் பாசி வளரும், புழு, நத்தை, பூச்சி பெருகும், பறவைக்கு அதுவே தீனி. சாயத் தண்ணீரில் வருவது உப்பு. உப்பு அழுகாது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். எங்கள் கிணற்றில் இன்னும் இருப்பது அதுதான். இந்தக் குளத்துக்கு வருகிற சாக்கடையையும் சுத்தம் செய்துதான் விட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனாலும் அந்த வாத்துகள் ஏன் இங்கே இறங்குகின்றன, எங்கள் அணைக்குள் ஏன் ஒன்றும் இல்லை என்கிற கேள்விக்கு, ஒரு கை தண்ணீரை முகர்ந்து அப்புச்சி பதில் சொல்லிவிட்டார்.

கட்டிங் மாஸ்டர் தம்பிக்கும் சேர்த்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம். கரையில் வேப்ப மர நிழல். தயிர் கொஞ்சம் புளித்துவிட்டது. மத்தியான ரயிலில் கோவை. ராத்திரி ஒண்டிப்புதூரில் சின்னம்மா வீடு.

மூன்றாம் நாள்: சனி

சிங்காநல்லூர் குளம் சின்னம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்னம்மா இந்தப் பக்கம் வந்து 20 வருடம் ஆகிறது. குளத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, கரையில் இறங்கி நடந்ததே இல்லையாம். இன்றைக்கு எங்களோடு வந்தார்.

2017-ல் கோவை மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. ஊருக்கு நடுவே இருக்கிற ஒரு குளத்துக்கு அப்படி ஒரு பெயர் கொடுத்தது பெரிய விஷயம். செடி, மரம், பறவை, பூச்சி எல்லாம் சேர்த்து 700-க்கு மேற்பட்ட உயிர்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் நாங்கள் பார்த்தது பச்சைப் பாய். ஆகாயத்தாமரை கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சங்கனூர்ப் பள்ளம் கொண்டுவருகிற நகரத்துக் கழிவு அதற்கு எரு மாதிரி. வெயில் தண்ணீருக்குள் இறங்காது, கீழே இருக்கிற எதற்கும் மூச்சு கிடைக்காது. எடுத்துப் போட்டாலும் கழிவு வருகிற வரை மறுபடி வளரும். வெட்டுவதற்கு ஆகிற செலவை வரத்து வாய்க்காலில் கொஞ்சம் போட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் பாயின் மேலேயே நீளவால் இலைக்கோழி ஒன்று நடந்துபோனது. விரல்கள் அவ்வளவு நீளம். உடம்பின் எடையைப் பரப்பிவிடுவதால் இலை அமுங்குவதில்லை. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இது இங்கயேவா இருந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் முகத்தில் இருந்தது வெட்கமா வருத்தமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குத் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கரையில் புங்கனும் பூவரசும் நல்ல நிழலாக நிற்கின்றன. ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். நீலத்தாழைக்கோழிகள் ஏழெட்டு, ஆகாயத்தாமரையின் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு கரும்பு தின்பது போலக் கடித்துக்கொண்டிருந்தன. செம்பருந்து ஒன்று ரயில் பாதைப் பக்கம் வட்டமடித்தது. அப்புச்சிக்குக் கால் வலி, அதிகம் நடக்கவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மத்தியானம் சின்னம்மா சந்தகை பிழிந்தார். தேங்காய்ப்பாலோடு நான் எச்சாவாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

நான்காம் நாள்: ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளலூர் என்றதும் கோவைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குப்பைக் கிடங்கு. இந்த நகரத்தின் குப்பை முழுதும் போய்ச் சேர்ந்த ஊர் அது. காற்று திரும்பினால் குளத்தங்கரையிலும் அந்த வாடை வரும், இன்று இரண்டு தரம் வந்தது. அதே ஊரில்தான் மண்ணுக்கடியிலிருந்து ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகர்கள் இந்தப் பக்கமாகப் போய்வந்ததற்கு அது சாட்சி. அவர்களும் நொய்யலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பார்கள்.

குளம் பல வருடம் வறண்டு, சீமைக் கருவேலம் மூடி, குப்பை கொட்டும் பள்ளமாகக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் போனாலும் அணைக்கட்டிலிருந்து குளத்துக்கு வருகிற ராஜவாய்க்கால் தூர்ந்து போயிருந்ததால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. 2017-ல் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வந்து, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, வாய்க்காலைத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. கரை நெடுக மரம் வைத்தார்கள். அந்த மரம்தான் இன்றைக்குக் காடாக நிற்கிறது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. வெளியே ஏழரை மணி வெளிச்சம், உள்ளே இன்னும் விடிகாலை. அப்புச்சி ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றார். தொட்டார், இலையைக் கசக்கி முகர்ந்தார், பெயர் சொன்னார். நீர்மருது, நாவல், இலுப்பை, ஆயா மரம், வேங்கை, புன்னை. ஒரு மரத்தடியில் பொடிப்பொடி இலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஊஞ்ச மரம்! இதும் தழைய நெழல்ல காயப் போட்டு இடிச்சுத்தான அரப்பு. உங்க அமுச்சி தலைக்கு இதத் தவுத்து வேற போட்டதில்ல."

எனக்கு அரப்பு தெரியும். சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுத் தண்ணி வார்த்து விட்ட அமுச்சியின் கை தெரியும். அந்தப் பொடி எந்த மரத்திலிருந்து வருகிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. உசிலை என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் 32 வருடம் இருந்திருக்கிறேன்.

மரங்கள் மிக நெருக்கமாக நிற்கின்றன. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி சொன்ன முறை. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைப்பது. வெளிச்சத்துக்காக ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு வேகமாக மேலே போகும். தண்ணீர் ஊற்றுவது இரண்டு மூன்று வருடம் வரைதான், அப்புறம் தானே பார்த்துக்கொள்ளும்.

அப்புச்சிக்கு இது ஒப்பவில்லை. காலையில் மண்வெட்டியோடு வந்திருந்த தன்னார்வலர் ஒருவரிடம் நேராகவே சொன்னார்: "இத்தன நெருக்கினா எதும் பெருக்காதுங்க. கொறங்காட்டுல நாங்க வெள்வேல எட்ட எட்டத்தான் உடுவோம். நடுவால கொழுக்கட்டைப் புல்லு வரோணுமல்லொ."

அந்த அண்ணன் கோபப்படவில்லை. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, கொறங்காடு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்புச்சி ஒரு கல்லில் உட்கார்ந்து, சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், மழை பெய்ததும் புல் எழும்புவது, வெள்வேல் நெற்று கொட்டும்போது ஆடு தின்பது, காங்கேயம் மாடு பட்டிக்குப் போகாமல் அங்கேயே கிடப்பது என்று அரை மணி நேரம் சொன்னார். யாரும் மரம் நட்டு உண்டாக்கிய காடு இல்லை அது. மாடும் புல்லும் மரமும் வேலியும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக நிற்பது.

இதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. குப்பை கிடந்த கரையில், ஊருக்குள், இந்த அடர்காடு வந்தது நல்லது. பழந்தின்னி வௌவாலுக்கும் குயிலுக்கும் செண்பகத்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டின் இயல்பு திறந்த வெளி. மழை மறைவுப் பூமி. கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் புல்தான் வீடு, நிழல் அல்ல. புல் நிலத்தைத் 'தரிசு' என்று பெயர் வைத்து அதன்மேல் நெருக்கமாக மரம் நட்டுவிட்டால் அவை எங்கே போகும்? இதை நான் சொன்னபோது அந்த அண்ணனும் ஒத்துக்கொண்டார். குளத்தின் வடக்கு மூலையில் கொஞ்சம் இடத்தைப் புல்லுக்கென்றே விட்டிருப்பதைக் காட்டினார். அந்த மூலையில் கவுதாரி கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

பட்டாம்பூச்சிகளுக்கென்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குளத்தில் மட்டும் நூறு வகைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்திருப்பதைப் பார்த்து அப்புச்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எருக்கு, கிலுகிலுப்பை, நாரத்தை, கறிவேப்பிலை. "எருக்கக் களைன்னு பொழியில வெட்டிப் போடுவோம். இங்க பாத்தி கட்டி வளக்கறாங்க!" வெந்தய வரியன் முட்டை வைப்பது எருக்கு இலையில். புழு அந்தப் பாலைத் தின்று உடம்பில் விஷத்தைச் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. எலுமிச்சை அழகிக்கு நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை. வாடிய கிலுகிலுப்பைத் தண்டில் வரியன்கள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. தேனுக்காக இல்லை. பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்குவதற்கு வேண்டிய பொருள் அந்தச் செடியில் இருக்கிறதாம். எருக்கு இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழு. அப்புச்சி இலையை எப்படித் திருப்பினாரோ அப்படியே மெதுவாக மறுபடி வைத்தார்.

கரைக்குக் கீழே கசிவுத் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டை. பெரிய குளத்தைவிட எனக்கு அது பிடித்துப்போனது. நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான் அகலம். கோரை, அல்லி, ஓரத்தில் தவளை. சிவப்புத் தட்டான் ஒன்று அதே குச்சியில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் தட்டான் புழு சேற்றில் பதுங்கியிருப்பது தெரிந்தது. அது கொசுப் புழுவைத் தின்கிறது. அப்புச்சி இங்கேயும் ஒரு கை அள்ளினார். முகர்ந்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, முகத்தில் தடவிக்கொண்டார்.

நொய்யல் தண்ணீரை அவர் முகத்தில் வைத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது அந்த அண்ணன் ஒரு கஷ்டத்தைச் சொன்னார். கன்று வைத்த இடத்துக்குள் ஆடுமாடு நுழைந்துவிடுகிறது. கம்பி வேலி போட்டால் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"கிளுவை வெய்யுங்க" என்றார் அப்புச்சி. "கம்பிய அறுப்பாங்க. கிளுவைய எவன் அறுப்பான்? போத்து வெட்டி நட்டாப் போதும், வேர் புடிச்சுக்கும். எல உதுந்து நிக்கறப்ப வெட்டோணும். மழைக்கு முன்னால நட்டறோணும். நாங் குடுத்தனுப்பறேன்."

அண்ணன் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். அப்புச்சி அதைச் சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் அது ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

ரயில் சோமனூர் தாண்டியதும் அப்புச்சி என் பக்கம் திரும்பினார். "அந்தக் கரைல வேலி போடற பக்கத்த எட்டு வெச்சு நடந்து பாத்தேன். நானூறு எட்டு வருது. எட்டுக்கு மூணு போத்துன்னாலும் ஆயிரத்து எரநூறு ஆவும். நம்ம கொறங்காட்டு வேலில பாதிக்கு மேல கழிக்க முடியாது அம்முணி. மீதிக்கு மேக்காலத் தோட்டத்துக்காரரத்தான் கேக்கோணும். அவரு நம்பரு உன்ற போன்ல இருக்குதா?"

இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன்.